பாட்டை மட்டும் பதிவு செய்தேன்

1991 ஆகஸ்டில் வேதியியல் மேல்படிப்புக்காக ஆக்ஸ்ஃபோர்டு போனேன். இங்கிலாந்து ஆக்ஸ்ஃபோர்டு இல்லை, ஓஹையோ மாநிலத்தில் இருப்பது. சின்சினாட்டியிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வரும் சின்னக் கல்லூரி ஊர். சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும்தான். அங்கே இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் மயாமி. அதற்கும் ஃப்ளோரிடாவுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த மண்ணில் வாழ்ந்த மயாமி பழங்குடி மக்களின் பெயர் அது.

விமான நிலையத்துக்கு அழைக்க வந்த சீனியர் அண்ணன் காரில் ரேடியோவை வைத்திருந்தார். முக்கால்வாசி இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஒரு கிடார் வருவதும் போவதுமாக இருந்தது. வேறு நிலையம் வைக்கலாமே என்று நினைத்தேன், புதிதாக வந்தவன் என்பதால் கேட்கவில்லை. ஹாமில்டன் பக்கம் வந்ததும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "இது தெளிவாயிடுச்சுன்னா ஊர் வந்துடுச்சுன்னு அர்த்தம் தம்பி" என்றார். அடுத்த பத்தொன்பது வருடம் என்னோடு இருந்த ஒரு ரேடியோ நிலையத்தை அப்படித்தான் முதலில் கேட்டேன்.

பண்பலை 97.7. அதிகாரப்பூர்வ அழைப்புப் பெயர் டபிள்யூ.ஓ.எக்ஸ்.ஒய். ஊரில் எல்லோரும் சொன்னது 97எக்ஸ். டக் பாலோ, லிண்டா பாலோ என்ற தம்பதி 1981இல் அதை வாங்கினார்கள். எல்லா ஊரிலும் ஓடுகிற ஹிட் பாடல்களைத்தான் முதலில் அவர்களும் போட்டார்கள். 1983 செப்டம்பரில் அதை விட்டுவிட்டு, பெரிய நிலையங்கள் தொடாத புது ராக் இசைக்கு மாறினார்கள். ஆர்.இ.எம்., ஸ்மித்ஸ், க்யூர் என்ற குழுக்களின் பெயர்களெல்லாம் கல்லூரி மாணவர்களின் கேசட்டுகளில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ 1991 செப்டம்பரில் வந்த பிறகுதான் இந்த வகை இசையைப் பெரிய நிலையங்கள் திரும்பிப் பார்த்தன. மக்காச்சோள வயலுக்கு நடுவே இருந்த இந்த நிலையம் அதற்கு எட்டு வருடம் முன்பிருந்தே அதைப் போட்டுக்கொண்டிருந்தது.

அண்ணனுக்கு இதில் ஒரு பெருமை. 1988இல் வந்த ‘ரெயின் மேன்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் கார் ரேடியோவில் கேட்ட ஒரு வாசகத்தையே திரும்பத் திரும்பச் சொல்லுவார்: "97எக்ஸ், பேம்! ராக் அண்ட் ரோலின் எதிர்காலம்." இந்த நிலையத்தின் அறிவிப்பு வாசகம்தான் அது. யார் வீட்டுக்கு வந்தாலும் அண்ணன் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

எனக்கு ராக் இசை அதற்கு முன் தெரியாது. கும்பகோணத்தில் அப்பாவின் ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன். ஆய்வகத்தில் இரவு வேலை. குடுவையில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும், நான் பக்கத்திலேயே நிற்க வேண்டும். துணைக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது, அதற்காகத்தான் ரேடியோ போட்டேன். ஒரு ராத்திரி, கேட்டதும் உடம்பு சிலிர்த்தது போல ஒரு பாட்டு வந்தது. பாடியது யார் என்று சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. நிலையத்துக்குப் போன் செய்தேன். வேறு யாராவது எடுத்து எங்காவது மாற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எடுத்தது, அப்போது ஒலிபரப்பில் இருந்த அறிவிப்பாளரேதான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: அஃப்கான் விக்ஸ். "நம்ம சின்சினாட்டிப் பசங்கதான்" என்றார். அவர்கள் வாசிக்கிற இடத்தையும் சொன்னார்.

சின்சினாட்டியில் சட்ஸி மலோன்ஸ் என்று ஒரு இடம் இருந்தது. பாரும் துணி துவைக்கும் லாண்டரியும் ஒரே கூரையின் கீழ். நாங்கள் நாலு பேர் ஒரு வாரத்து அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு போனோம். மெஷின் ஒருபக்கம் சுற்ற, இன்னொரு பக்கம் மேடையில் ட்ரம்ஸ் அதிர, அப்புறம் ஈரத் துணியைக் காயவைத்து மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினோம். வந்து ஒரு வருடம் ஆகியும் நான் இருந்தது விடுதியிலும் ஆய்வகத்திலும்தான். இந்த ஊர்ப்பக்கம் எனக்கும் ஒரு இடம் உண்டு என்று அன்றுதான் தோன்றியது. சுற்றுவட்டாரத்தில் யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று சொல்வதற்கு ஒரு குரல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புலம்பெயர்ந்து போனவர்களுக்கு நன்றாகப் புரியும். பக்கத்து நகரமான டேட்டனிலிருந்து ப்ரீடர்ஸ், கைடட் பை வாய்சஸ், சின்சினாட்டியிலிருந்து ஓவர் த ரைன் என்று, பின்னாளில் உலகம் அறிந்த இசைக்குழுக்கள் எனக்கு அக்கம்பக்கத்துப் பெயர்களாகவே அறிமுகமாயின.

படிப்பு முடிந்து 1996இல் வேலைக்காக சின்சினாட்டியின் வடக்குப் புறநகருக்கு மாறினேன். அங்கே 97எக்ஸ் சரியாக எடுக்கவில்லை. சின்ன ஊர்களுக்கென்று கொடுக்கப்பட்ட பண்பலை லைசென்ஸ்களுக்கு 1989 வரை உச்சவரம்பே 3,000 வாட், பிறகும் 6,000தான். பெரிய நகர நிலையங்கள் 50,000 வாட் வரை போகும். அதனால் இந்த நிலையம் சின்சினாட்டி, டேட்டன் இரண்டின் ஓரத்திலும் கேட்கும், இரண்டின் நடுவிலும் தடுமாறும். விளம்பரக்காரர்கள் நகரத்தின் நடுவில் கேட்கிற நிலையத்துக்குத்தான் பணம் கொடுப்பார்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதிலேயே இருந்தது, அப்போது எனக்குப் புரியவில்லை. இரைச்சலை எப்படிக் குறைப்பது என்பது மட்டும்தான் அன்றைக்கு என் கவலை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இன்றைக்கும் யாருக்காவது உதவும். பண்பலை ரேடியோவுடன் வரும் T வடிவ ஒயரை நிறையப் பேர் சுருட்டி ரேடியோவுக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். அதை விரித்துக் கட்டினால்தான் வேலை செய்யும். மேல்பக்கக் கம்பியின் நீளம் அலைநீளத்தில் பாதி இருக்க வேண்டும். 97.7 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 3 மீட்டர், ஆகவே ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக. அதைவிட முக்கியம் திசை. கம்பியின் நுனி நிலையத்தை நோக்கி இருக்கக் கூடாது, கம்பியின் பக்கவாட்டுதான் நிலையத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு ஆக்ஸ்ஃபோர்டு வடமேற்கில். அதனால் கம்பியை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கட்ட வேண்டியிருந்தது. என் வீட்டில் அந்தத் திசையில் ஒரு சுவரும் இல்லை. சமையலறையின் ஒரு மூலையிலிருந்து ஜன்னல் வரை குறுக்காக, கூரையை ஒட்டி, டேப் போட்டு ஒட்டினேன். ரேடியோவில் ஸ்டீரியோவை மோனோவுக்கு மாற்றினேன். அந்த ஒரு பொத்தானிலேயே பாதி இரைச்சல் போய்விட்டது. பலவீனமாக வரும் சிக்னலில் ஸ்டீரியோதான் இரைச்சலைக் கூட்டும்.

அப்பா மொட்டைமாடியில் மூங்கில் கழிக்கு மூங்கில் கழி செம்புக் கம்பி இழுத்துக் கட்டியது ஞாபகம் வந்தது. அடுத்த தடவை ஊருக்குப் போன் பேசும்போது சொன்னேன். "கம்பி எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் நினைவு தின நீள் விடுமுறையில், நேயர்கள் வாக்களித்த 500 பாடல்களை வரிசையாகப் போடுவார்கள். பக்கத்து மாநிலத்தில் அதே வாரக் கடைசியில்தான் இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயம் நடக்கும். அதையொட்டி இதற்கு ‘மாடர்ன் ராக் 500’ என்று பெயர். சராசரியாகப் பாட்டுக்கு 4 நிமிடம் வைத்தாலே 33 மணி நேரம். நான் நோட்டில் எண்ணும் பெயரும் எழுதிக்கொண்டே, பிடித்த பாடல்களை 90 நிமிட கேசட்டில் பதிவு செய்வேன். பாட்டு முடியும்போது, பதிவைத் தற்காலிகமாக நிறுத்தும் பாஸ் பொத்தானை அழுத்திவிடுவேன். அறிவிப்பாளர் பேசுவது, விளம்பரம், வானிலை, எதுவும் டேப்பில் ஏறாது. அடுத்த பாட்டின் முதல் தாளத்தில் விரலை எடுப்பேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. நண்பர்கள் என் கேசட்டைக் கேட்டு வாங்கிப் போவார்கள், அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

1996இல் அமெரிக்காவில் ஒரு தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதுவரை நாடு முழுக்க ஒரு நிறுவனம் 20 பண்பலை நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. சில வருடங்களிலேயே ஒரே நிறுவனத்தின் கையில் ஆயிரத்துக்கும் மேல் நிலையங்கள் சேர்ந்தன. ஒரே பாடல் பட்டியல் பத்து ஊர்களில் ஓடியது. அந்தச் சூழலில் கணவன் மனைவி இரண்டு பேர் நடத்தும் ஒற்றை நிலையம் எட்டு வருடம் தாக்குப் பிடித்ததே பெரிது. 1998இலேயே அவர்கள் இணையத்திலும் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். தொலைபேசி மோடத்தில் கேட்டால் தண்ணீருக்கு அடியில் பாடுவது போல இருக்கும். ஆனாலும் சென்னைக்கு மாற்றலாகிப் போன என் நண்பன் ஒருவன் இரவு விழித்திருந்து அதைக் கேட்டான்.

2004 ஜனவரியில் நிலையம் விலைபோகிறது என்று செய்தி வந்தது. விற்கப்பட்டது 97.7 என்ற அலைவரிசையின் லைசென்ஸ். விலை 50 லட்சம் டாலருக்கும் மேல். அந்தச் சின்ன ஊரின் பீட்சாக் கடை விளம்பரங்களை வைத்து யாரும் அந்த விலை கொடுக்கமாட்டார்கள். கணக்கு வேறு. லைசென்ஸ் ஒரு குறிப்பிட்ட ஊரின் பெயரில் இருக்கும். முறையாக அனுமதி வாங்கினால் அதை வேறு ஊருக்கு, நகரத்துக்குப் பக்கத்தில், நகர்த்தலாம். நகர்ந்தவுடன் அதே 97.7க்கு லட்சக்கணக்கான நேயர்கள் கிடைப்பார்கள். அந்த அலைவரிசை பின்னாளில் சின்சினாட்டியை ஒட்டிய மேசன் என்ற ஊருக்கு நகர்ந்தது. இப்போது அதில் ஸ்பானிஷ் மொழி நிகழ்ச்சிகள் வருகின்றன. அந்தப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் மெக்சிகோக் குடும்பங்களுக்கு அது இன்றைக்கு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இருபது வருடத்துக்கு மேல் நடத்திய தம்பதியையும் நான் குறை சொல்லமாட்டேன். பெயரையும் இசைத் தொகுப்பையும் அவர்கள் விற்கவில்லை, இணையத்தில் தொடரவே விரும்பினார்கள்.

எனக்கு அடித்தது வேறு விஷயம். பதின்மூன்று வருடம் "எங்க ரேடியோ" என்று சொன்னேனே, அதன் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, எந்த நிபந்தனையில் இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அமெரிக்காவில் இது ரகசியமே இல்லை. ஒவ்வொரு நிலையத்தின் உரிமை விவரமும் எஃப்சிசி என்ற அரசுத் தகவல்தொடர்பு ஆணையத்தின் பொதுக் கோப்பில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லைசென்ஸ் கைமாறும்போது பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லவும் குறிப்பிட்ட காலம் உண்டு. உங்களுக்குப் பிடித்த நிலையம் எதுவாக இருந்தாலும், அது நன்றாக நடக்கும்போதே இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைச் செய்தி வந்த பிறகு தேடத் தொடங்கினால் நேரம் போதாது.

2004 மே 13, வியாழக்கிழமை, பண்பலை ஒலிபரப்பு நின்றது. அலுவலக வாகன நிறுத்தத்தில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வரிசையில் இன்னொரு காரிலும் ஒருவர் இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம், பேசிக்கொள்ளவில்லை.

இணையத்தில் தொடரவும் பணம் போதவில்லை என்றார்கள். பிறகு பெயர் வெளியிட விரும்பாத முதலீட்டாளர்கள் வந்தார்கள், ஜூலையில் இணையத்தில் மட்டும் திரும்ப வந்தது. அப்போதுதான் இணைய வானொலியின் கணக்கு எனக்குப் புரிந்தது. சொந்தமாக ஒன்று தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

பண்பலையில் ஒரு கோபுரம், ஒரு மின்கட்டணம். நூறு பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். அமெரிக்காவில் பண்பலை நிலையம் பாடலை இயற்றியவருக்குத்தான் உரிமைத்தொகை கட்டுகிறது, ஒலிப்பதிவுக்காகப் பாடகருக்கோ கம்பெனிக்கோ கட்டுவதில்லை. இணையத்தில் இரண்டுக்கும் கட்ட வேண்டும், அதிலும் ஒலிப்பதிவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று. 2002இல் நிர்ணயித்த விகிதம் ஒரு பாட்டுக்கு, ஒரு நேயருக்கு 0.07 சென்ட். ஒன்றுமில்லாத தொகைபோலத் தெரியும். மணிக்கு 15 பாட்டு, 1,000 பேர் கேட்கிறார்கள் என்று வையுங்கள்: மணிக்கு பத்தரை டாலர், நாளைக்கு 252 டாலர், வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டும். இதற்கு மேல் இணைய இணைப்பின் செலவும் ஆளுக்கு ஆள் கூடும். சிறு நிலையங்களுக்குச் சலுகை விகிதங்களும் இருந்தன, ஆனால் அடிப்படை மாறாது. புகழ் கூடக் கூடக் கடனும் கூடும்.

2006 செப்டம்பரில் பணமில்லாமல் நின்றது. அக்டோபரில் லாலா என்ற இணைய இசை நிறுவனம் எடுத்து நடத்தியது. 2009இல் மறுபடி கைமாறி, டெக்சஸில் ஆஸ்டினுக்குப் போனது. 2010 மார்ச் 23, செவ்வாய்க்கிழமை, நின்றது. அதன்பிறகு வரவில்லை.

இந்தக் காலத்தில் நான் கொடுத்தது என்ன என்று கேட்டால், இரண்டு டி-ஷர்ட் வாங்கினேன். நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் 100 டாலர் அனுப்பத் தயாராக இருந்தேன். அந்த நேரத்தில் அது எதற்கும் உதவாது. மாதம் 5 டாலர் என்று ஆயிரம் பேர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், அதைக் காட்டி அவர்கள் வாடகை ஒப்பந்தம் போட்டிருக்கலாம், ஆட்களுக்குச் சம்பளம் உறுதி சொல்லியிருக்கலாம். சிறு நிலையத்துக்கு வேண்டியது அடுத்த மாதமும் வரும் என்று நம்பக்கூடிய சின்னத் தொகை. இப்போது நான் கேட்கும் மூன்று நிலையங்களுக்கு மாதாமாதம் தானாகப் போகும்படி வைத்திருக்கிறேன்.

லாப நோக்கமற்ற அமைப்பாக இருந்தால் பிழைக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு சரி. ஆனால் சின்சினாட்டிக்குத் தெற்கே வடக்கு கென்டக்கி பல்கலைக்கழகம் நடத்திய டபிள்யூ.என்.கே.யூ. நல்ல இசை நிலையம், நேயர் நன்கொடையும் உண்டு. லைசென்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. 2017இல் அதை விற்றுவிட்டார்கள், இப்போது அந்த அலைவரிசையில் மத ஒலிபரப்பு வருகிறது. மாறாக, டேட்டனுக்குப் பக்கத்தில் யெல்லோ ஸ்ப்ரிங்ஸில் இருக்கும் டபிள்யூ.ஒய்.எஸ்.ஓ. நிலையத்தின் ஆதரவாளர்கள் 2019இல் தாங்களே ஓர் அமைப்பு வைத்து, அதை வைத்திருந்த கல்லூரியிடமிருந்து லைசென்ஸை வாங்கிவிட்டார்கள். அது ஓடிக்கொண்டிருக்கிறது. நன்கொடை ரசீது என் கையிலும் லைசென்ஸ் வேறொருவர் கையிலும் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

என் கேசட்டுகளுக்கு வருகிறேன். மொத்தம் 61 இருந்தன. பாதாள அறையில் அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு வசந்த காலத்து மழையில் தண்ணீர் ஏறி 23 போய்விட்டன. மீதியைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன். (செய்கிறவர்களுக்கு: தரையிலிருந்து தூக்கி வையுங்கள். டேப் மேலேயே தேதி எழுதுங்கள், பெட்டி மேல் எழுதினால் பெட்டி மாறிவிடும். ஓட்டுவதற்கு முன் ஒரு தடவை முழுக்க முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றிவிடுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் சுருள் பிரியும்.)

ஏற்ற ஏற்ற ஒன்று உறைத்தது. இதிலிருக்கும் ஒவ்வொரு பாட்டும் இன்றைக்குப் போனில் தட்டினால் இதைவிடத் தெளிவாகக் கிடைக்கிறது. எங்கேயும் கிடைக்காதது, நான் பாஸ் பொத்தானை அழுத்தி வெட்டியெறிந்ததுதான். அறிவிப்பாளர் பேசிய பேச்சு, எந்தக் கடையில் எந்தக் குழு வாசிக்கிறது என்ற தகவல், ஊர் விளம்பரம், எனக்கு எழுத்தெழுத்தாகச் சொன்ன அந்தக் குரல். முப்பத்தேழு கேசட்டில் அது ஒரு நொடிகூட இல்லை. எதையாவது பதிவு செய்கிறீர்கள் என்றால், உங்கள் ஊர் வானொலியோ, அம்மா கதை சொல்வதோ, கோயில் திருவிழா மைக்கோ, தயவுசெய்து பொத்தானைத் தொடாமல் ஓட விடுங்கள்.

முப்பத்தெட்டாவது கேசட்டில் ‘மே 94’ என்று எழுதியிருக்கிறது. ‘மாடர்ன் ராக் 500’ இரண்டாம் நாள் இரவு. அன்றைக்கு நான் நோட்டோடு தூங்கிவிட்டேன் போலிருக்கிறது, டேப் அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. ஒரு பாட்டு முடிகிறது. யாரோ காகிதத்தைத் திருப்பும் சத்தம். அறிவிப்பாளர் லேசாக இருமிவிட்டு, டேட்டனிலிருந்து ஒருவர் போன் செய்து இந்தப் பாட்டு இன்னும் மேலே வந்திருக்க வேண்டும் என்று சண்டை போட்டதைச் சொல்கிறார். இரவு குளிராக இருக்கும், விடிகாலையில் மூடுபனி என்கிறார். பீட்சாக் கடை விளம்பரம். பேம்! என்று அந்த அறிவிப்பு. அடுத்த எண்ணைச் சொல்ல அவர் வாயெடுக்கிறார், பக்கம் முடிந்து பிளேயரின் பொத்தான் டப்பென்று மேலே வருகிறது.